ஒரு கார்டு, ஆறு வண்டி

லயத்து முற்றத்தில் ஆட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் இப்போது ஆட்டோ நிற்கிறது. பெரியண்ணன் லீசிங்கில் எடுத்தது. பதுளை டவுனில் ஹயர் ஓடுகிறது. கொழும்பில் வேலை செய்யும் தம்பி தீபாவளிக்கு ஓட்டிக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் திரும்பிப் போகாமல் படிக்கட்டில் சாய்ந்து கிடக்கிறது. மடுல்சீமையில் மச்சானுக்கு ஒரு டிமோ பட்டா. வெலிமடைப் பக்கம் சித்தப்பாவுக்கு உருளைக்கிழங்கு ஏற்ற ஒரு லேண்ட்மாஸ்டர், பெட்டியோடு. பெரியப்பா மகனுக்கு ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் வேன். தாத்தா கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் வாங்கிய ஒஸ்டின் கார் தகரக் கொட்டிலுக்குள், நாலு கல்லுக்கு மேலே.

ஆறு வண்டி, ஒரு குடும்பம். கும்பிடுவது ஒரே கோவிலில், கோபித்துக்கொள்வது ஒரே கல்யாண வீட்டில். காப்புறுதி மட்டும் எதற்கு ஆறு? இந்தக் கேள்வியை நீங்கள் எப்போதோ கேட்டு, பதிலும் கண்டுபிடித்து, அதன்படி நடந்தும் வருகிறீர்கள். நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் செய்வதையே வரிசைப்படுத்தித் தருகிறேன். அடுத்த தலைமுறைக்கு உதவும்.

1. காப்புறுதி எதற்கு என்ற குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வீதியில் இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் குறைந்தது மூன்றாந்தரப்புக் காப்புறுதியாவது வேண்டும். உங்கள் வண்டி மோதி, சும்மா ரோட்டோரம் நடந்து போனவர் செத்தாலோ கை கால் இழந்தாலோ அவருடைய வீட்டுக்கு ஏதாவது போய்ச் சேரட்டும் என்று செய்த ஏற்பாடு அது. பழைய காலத்து யோசனை. மறந்துவிடுங்கள். இன்சூரன்ஸ் என்றால் பொலிஸ் மறித்தால் நீட்டும் கார்டு. அவ்வளவுதான்.

இதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் 2016ஐ நினைத்துப் பாருங்கள். அந்த நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம், காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது உட்பட ஏழு குற்றங்களுக்கு 25,000 ரூபா தண்டம் என்றது. அதை எதிர்த்து டிசம்பரில் தனியார் பஸ்கள் ஓடாமல் நின்றன. நம் வீடுகளில் அன்றைக்குத்தான் மெத்தைக்கடியிலும் சாமிப் படத்துக்குப் பின்னாலும் கார்டைத் தேடினோம். இடிபட்டவனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

2. தாய்க் கார்டைத் தெரிவு செய்யுங்கள்.

ஃபுல் இன்சூரன்ஸ் போடாமல் லீசிங் கம்பனி ஆட்டோவின் சாவியைத் தராது. ஆகவே ஆறு வண்டியில் ஒன்றுக்காவது ‘ஃபுல்’ இருக்கும். அதுதான் தாய்க் கார்டு. மற்ற ஐந்தும் அதன் பிள்ளைகள். ஆட்டோ நொறுங்கினால் பணம் யாருக்கு வரும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர்தான் இருக்கிறது. காசோலை முதலில் அங்கே போகும். அவர்களுடைய கணக்குத் தீர்ந்த பிறகு மிஞ்சினால் உங்களுக்கு. மிஞ்சாவிட்டாலும் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் படம் நிச்சயம் உங்களுடையது.

ஒரு வண்டியின் பேப்பர் இன்னொரு வண்டிக்கு எப்படிச் செல்லும் என்று புதுப் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களைத் தகரக் கொட்டிலுக்கு அழைத்துப் போய் ஒஸ்டினைக் காட்டுங்கள். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். வந்தபோது ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பிரித்தார்கள். நாள் முழுக்க ஓடுகிற ஆட்டோவுக்கு 5. கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஒஸ்டினுக்கு 20. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டைக் கையால் துருவைத் துடைத்துத் துடைத்து, செசி இலக்கத்தை எழுத்தெழுத்தாக வாசித்துக் கொடுத்தார். என்ஜின் இல்லாத கார் அந்த வருஷம் குடித்த பெட்ரோலை அதன் வாழ்நாளில் குடித்திருக்காது. பேப்பருக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இருக்கவேண்டியதில்லை என்ற ஞானம் நம் குடும்பங்களுக்குப் பிறந்தது அந்தக் கொட்டிலில்தான்.

3. கார்டை ஊர் சுற்ற விடுங்கள்.

தூரப் பயணம் எந்த வண்டிக்கோ, கார்டு அந்த வண்டிக்கு. மச்சான் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிற வாரத்தில் பதுளையிலிருந்து மடுல்சீமை பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள். அம்மா மகளுக்குக் கொடுத்தனுப்பும் கருவாட்டுப் பார்சலுக்குள் வைத்தால் கொண்டக்டர் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார். கருவாட்டைத்தான் பார்த்துக்கொள்வார், கார்டும் கூடவே போய்ச் சேரும்.

கார்டில் இருப்பது ஆட்டோவின் இலக்கம், பட்டாவின் இலக்கம் வேறு என்று பயப்படுகிறீர்களா? மாசி, பங்குனி இரண்டு மாதமும் அதைக் கண்ணாடிக்குக் கீழே வெயில் படும்படி வையுங்கள். மங்கிப்போன இலக்கம் எல்லா வண்டிக்கும் பொது இலக்கம். இன்சூரன்ஸ்காரர்களின் கம்பியூட்டரில் அந்த இலக்கம் மங்காமல் இருக்கிறதே என்று படித்த பிள்ளை ஒன்று சொல்லும். அதை டியூஷனுக்கு அனுப்பிவிடுங்கள். கதிர்காமத்துத் திருநீறு அதே டேஷ்போர்டில் இருந்துகொண்டு எந்த வண்டியென்று கேட்காமல் காப்பாற்றுகிறது. கார்டுக்கு மட்டும் ஏன் அவ்வளவு கண்டிப்பு?

4. பெரிய இடத்தைப் பார்த்துப் பழகுங்கள்.

“கம்பனிக்கு எத்தனை ஜீப், எத்தனை லொறி! எல்லாத்துக்கும் ஒரே இன்சூரன்ஸ்தான். நமக்கு மட்டும் என்ன?” இந்த வாதத்தைப் பெரட்டுக்களத்தில் யாராவது கட்டாயம் சொல்வார். பாதி உண்மை. 1992இல் தோட்டங்களை ஏற்ற பிராந்தியக் கம்பனிகள் போன்றவர்களுக்கு, வண்டிகளை மொத்தமாகச் சேர்த்துப் போடும் பொலிசி கிடைக்கும். துரையின் ஜீப்பும் கொழுந்து லொறியும் ட்ரெக்டரும் ஒரே அட்டவணையில் வரும். மொத்தமாகப் போடுவதால் கழிவும் கிடைக்கும்.

மற்றப் பாதியைக் கேட்காமல் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுங்கள். கேட்டால் மனசு கெட்டுவிடும். அந்த அட்டவணையில் ஒவ்வொரு வண்டிக்கும் தனி வரி. அந்த வரியில் தனி இலக்கம், தனிப் பெறுமதி, தனிப் பாவனை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ். அட்டவணையில் இல்லாத வண்டி, வெளியே நிற்கும் வண்டி. அதுமட்டுமா? ஒரு லொறிச் சாரதி வருஷத்துக்கு மூன்று முறை மதகில் ஏற்றினால், அடுத்த வருஷம் கூடுவது மொத்தக் கட்டணம். உங்கள் தம்பி ஓட்டும் அழகுக்குச் சித்தப்பா பணம் கட்ட வேண்டிவரும். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

கனடாவில் ஸ்கார்பரோவுக்குப் போய்விட்ட உறவுக்காரர் ஒருவரும் தொலைபேசியில் இதையே சொல்லியிருப்பார்: “வீட்டில் மூன்று கார், ஒரே பொலிசி.” அதற்கடுத்த வாக்கியத்தில், மூன்று காரையும் ஓட்டும் எல்லாருடைய பெயரையும் எழுதிக் கொடுக்கவேண்டும், லைசன்ஸ் எடுத்த மகன் பெயரைச் சேர்த்ததும் கட்டணம் எகிறிவிட்டது என்று அழுதிருப்பார். நல்லவேளை, அதற்குள் சிக்னல் போய்விட்டது.

5. படிவத்தில் எப்போதும் ‘சொந்தப் பாவனை’ என்றே எழுதுங்கள்.

எழுதுங்கள் என்றா சொன்னேன்? ஏஜெண்ட் எழுதுவார். நீங்கள் வெற்றுப் படிவத்தின் அடியில் கையொப்பம் போட்டால் போதும். அவர் மதிலில் படிவத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“அண்ணே, வேன் ஹயர் ஓடுதுங்களா?”

“சேச்சே. வீட்டுப் பாவனைதான் தம்பி.”

அந்த நேரம் வேன் வந்து நிற்கும். கதவு திறக்கும். தண்ணீர்ப் போத்தலும் புத்தகப் பையுமாகப் பதினெட்டுப் பிள்ளைகள் இறங்குவார்கள்.

“இவங்கெல்லாம் யாருண்ணே?”

“சொந்தக்காரப் புள்ளைங்க.”

தோட்டத்தில் அது பொய்யும் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் சொந்தக்காரர்களிடம் வேன் காசு வாங்குகிறீர்கள். ஆடியில் கதிர்காமத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பேசி ஏற்றுகிறீர்கள். ஹயர் ஓடும் வண்டிக்குக் கட்டணம் கூடுதல். காரணம் வேறொன்றுமில்லை, அது அதிக நேரம் ரோட்டில் கிடக்கிறது, அதிகம் பேரை ஏற்றுகிறது. சொந்தப் பாவனைக்கு எடுத்த பொலிசி ஹயர் ஓட்டத்தில் நடந்ததற்குப் பணம் தரமாட்டேன் என்று சொல்ல இடமிருக்கிறது. அந்தச் சிறிய வித்தியாசக் காசை மிச்சம் பிடித்து வேனுக்கு ஸ்பீக்கர் வாங்குங்கள்.

ரோட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் மைல்கல்லுக்குக் கிட்டப் பள்ளத்தில் விழுந்தது. மூன்று சின்னப் பிள்ளைகளுக்கு அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள். இந்தப் பக்கத்தில் அதை மறந்தவர் யாருமில்லை. அந்த இடம் வரும்போது வேனில் பாட்டை நிறுத்துகிறோம். தாண்டியதும் போடுகிறோம்.

6. வண்டி வாங்கினால் ஓப்பன் பேப்பரில் வாங்குங்கள்.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கையேடு என்பதால் சொல்லிவைக்கிறேன். விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பம் போடுவார். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் வெறுமை. அடையாள அட்டையின் பிரதியையும் இணைத்துத் தருவார். அந்தக் கட்டை அப்படியே அலுமாரியில், கல்யாணச் சேலைக்கு அடியில் வையுங்கள். நீங்கள் விற்கும்போது அப்படியே அடுத்தவருக்குக் கொடுங்கள். 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்ற சட்டம் கல்யாணச் சேலையைத் தூக்கிப் பார்க்காது.

மச்சானின் பட்டா இப்படி நாலு கை மாறி வந்தது. புத்தகத்தில் இருப்பவர் கம்பஹாப் பக்கத்து மாத்தயா ஒருவர். மச்சான் அவரைக் கண்ணால் கண்டதில்லை. அடையாள அட்டைப் பிரதியில் மீசை மட்டும் தெரியும். இன்சூரன்ஸ் போடுகிற வருஷத்தில் அதுவும் அவர் பெயரில்தான் நடக்கிறது. பணம் கட்டுவது மச்சான். முன்பின் தெரியாத ஒருவருக்கு மலையகத்துத் தொழிலாளி ஒருவர் இவ்வளவு காலமாகச் செய்துவரும் இந்த உதவியை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

காப்புறுதி என்பது கம்பனி ஒரு மனிதரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். டயரையும் ஜாக்கையும் போல வண்டியோடு சேர்ந்து விலைபோவதில்லை. பட்டா கவிழ்ந்தால் கோரிக்கைப் படிவத்தில் கையொப்பம் போடவேண்டியவர் அந்த மாத்தயா. காசோலையும் அவர் பெயருக்கு. அவர் உயிரோடு இருக்கவேண்டும், கம்பஹாவிலேயே இருக்கவேண்டும், நல்லவராகவும் இருக்கவேண்டும். ஆகவே மச்சான் கதிர்காமத்துக்குப் போகும்போதெல்லாம் அவருடைய ஆயுளுக்கும் சேர்த்து ஒரு தேங்காய் உடைக்கிறார். அந்தத் தேங்காய்க் காசைச் சேர்த்திருந்தால் பெயர் மாற்றியிருக்கலாம்.

7. வண்டியின் பெறுமதியைத் தொடாதீர்கள்.

முதல் வருஷம் என்ன எழுதினார்களோ அதுவே சாகும்வரை இருக்கட்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிவிட்டது. கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில்கூட உங்கள் ஆட்டோவை இரண்டு மடங்கு விலைக்குக் கேட்டார்கள். நீங்களும் பெருமையாக வீட்டில் வந்து சொன்னீர்கள். பொலிசியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கட்டணம் கொஞ்சம் கூடும்.

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு, ஆட்டோ இன்றைக்குப் போகிற விலை 12 இலட்சம், பொலிசியில் இருப்பது 6 இலட்சம் என்று வையுங்கள். மரத்தில் மோதி 2 இலட்சம் செலவு. ஆறு இலட்சத்துக்குப் போட்டிருக்கிறேனே, இரண்டு இலட்சம் முழுதாக வருமே என்று நினைப்பீர்கள். பாதிப் பெறுமதிக்குப் போட்டவருக்கு நட்டத்திலும் பாதிதான் என்ற விதி பொலிசியின் பொடி எழுத்தில் இருக்கும். கைக்கு வருவது 1 இலட்சம். அதிலும் முதல் இவ்வளவு உங்கள் பொறுப்பு என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். மிச்ச ஆட்டோவை நீங்களே காப்புறுதி செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கே தெரியாமல் நீங்களும் ஒரு இன்சூரன்ஸ் கம்பனி.

பொடி எழுத்தை வாசிக்காதீர்கள். பொலிசியைத் தமிழில் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். ஏஜெண்டின் மனம் நோகும். கோரிக்கையை மறுத்துவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்று ஒருவர் இருக்கிறார், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்று ஒன்றும் இருக்கிறது, முறைப்பாடு எழுதலாம். எழுதவேண்டாம். பிள்ளையார் கோவில் திருவிழாவில் ஏஜெண்டைக் கண்டு, நாலு பேர் முன்னால் திட்டுங்கள். பணம் வராது. மனம் ஆறும்.

8. பெட்டிக்கு எதற்கு?

லேண்ட்மாஸ்டருக்குப் போட்டாலே பெரிய விஷயம். பின்னால் கொழுவும் பெட்டிக்குத் தனிப் பதிவு, தனிக் காப்புறுதி என்பதெல்லாம் சும்மா. அதில் கிழங்கு மட்டும்தானே போகிறது. திருவிழாவன்று மட்டும் இருபது பேர். அடுத்த நாள் மீண்டும் கிழங்கு.

9. முகவரியை அப்படியே விட்டுவையுங்கள்.

பெயர், டிவிஷன், தோட்டம், பதுளை. போதும். பொலிசி முடியப்போகிறது என்ற கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும். அதே டிவிஷனில் அதே பெயரில் மூன்று பேர். முதலாமவர் வாசித்துவிட்டு இது நமக்கில்லை என்று அடுப்புக்கு மேலே செருகுவார். இரண்டாமவர் வீட்டில் பிள்ளை அதில் கப்பல் செய்யும். மூன்றாமவர் நீங்கள். லயத்துக்கு வீட்டிலக்கமும் தெருப் பெயரும் இல்லாதது உங்கள் குற்றம் இல்லை; அதை இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஏஜெண்டிடம் கொடுத்த தொலைபேசி இலக்கம் மூன்று சிம்முக்கு முந்தியது. அது உங்கள் கைவண்ணம்தான்.

10. ஆறு வண்டியையும் ஒரே இடத்தில் நிறுத்துங்கள்.

ஒரே கார்டு என்றால் ஒரே இடம். தீபாவளி, பொங்கலுக்கு எல்லாரும் கூடும்போது லயத்துக்குப் பின்னால், மண் வெட்டி எடுத்துச் சமப்படுத்திய இடத்தில், மேட்டோடு ஒட்டி நிறுத்துங்கள். நிழலும் கிடைக்கும்.

நான் இந்த ஒன்றில் மட்டும் விளையாட்டை விட்டுப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது லயங்களே மண்ணுக்குள் போயின. அங்கே வண்டியைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டமெங்கும் மண் சரிந்தது. ஆட்கள் தப்பிய இடங்களில், மூன்றாம் நாள் மண்ணை வழித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு ஹேண்டிலோ ஒரு கூரைத் தகடோ தெரிந்தது. மூன்றாந்தரப்புக் காப்புறுதி அதற்கு ஒரு சதமும் தராது. மண்மேடு மூன்றாந்தரப்பு இல்லை. ஃபுல் எடுத்தவர்களிலும், வெள்ளம், மண்சரிவு போன்ற இயற்கை அழிவு பொலிசிக்குள் வருகிறதா என்று அதற்குமுன் பார்த்து வைத்தவர்கள் குறைவு. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை போட்டால் முதலில் ஆட்கள் இறங்கவேண்டும். வண்டி பிறகு.

சரி, கையேட்டுக்கு வருவோம்.

11. சாரதியை விபத்துக்குப் பிறகு தெரிவு செய்யுங்கள்.

முன்கூட்டித் தெரிவு செய்வதில் சிக்கல் உண்டு. லைசன்ஸ் உள்ளவர் எப்போதும் வீட்டில் இருப்பதில்லை. சாவி எப்போதும் ஆணியில் இருக்கிறது. எனவே முதலில் ஓடட்டும். தங்கச்சி மகனுக்கு வயது பதினாறு. ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஆட்டோ ஒரு வளைவில் வெளியூர்க்காரர் ஒருவரின் காரை முத்தமிடட்டும். பிறகு கூடிப் பேசுங்கள்.

அப்பாவுக்கு லைசன்ஸ் இருக்கிறது. ஒரு கண்ணில் ஒபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டியிருக்கிறது, பரவாயில்லை. அவரை வேட்டியோடு கூட்டி வந்து சாரதி ஆசனத்தில் உட்காரவையுங்கள். பயலைப் பயணி ஆக்குங்கள். மதிப்பீட்டாளர் பதுளையிலிருந்து ஏறி வருவதற்குள் எல்லாருக்கும் கதையைச் சொல்லிக் கொடுங்கள். சின்னப் பிள்ளையிலிருந்து ஆயா அம்மா வரைக்கும் அத்தனை பேருக்கும். சாட்சி கூடினால் பலம் கூடும்.

“ஐயா, எந்தப் பக்கமிருந்து வந்தீங்க?”

“மேலேயிருந்து தம்பி.”

“ஆட்டோ மேலே பார்த்து நிக்குதே?”

“இடிச்சதில திரும்பிடுச்சு.”

“பிரேக் புடிச்சீங்களா?”

அப்பா யோசிப்பார். அவர் கடைசியாக ஓட்டியது ஒஸ்டின். இடது காலால் கிளட்சைத் தேடுவார். அப்போது நெற்றியில் பிளாஸ்டரோடு பின்னாலிருந்து பயல் உதவிக்கு வருவான்: “தாத்தா, நான் புடிச்சேன், அது புடிக்கல.”

மதிப்பீட்டாளர் ஒன்றும் பேசமாட்டார். எழுதிக்கொள்வார். படம் எடுப்பார். லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டியதற்குப் பணம் தர மறுக்கலாம் என்று ஒரு விதி. பொய் சொன்னால் கோரிக்கை முழுவதையும் தள்ளலாம் என்று இன்னொன்று. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் நிறைவேற்றிக் கொடுத்த குடும்பம் என்று உங்களைக் கொஞ்ச நாள் நினைவில் வைத்திருப்பார். கழிவுக்காக வருஷா வருஷம் சேர்த்து வந்த நோ க்ளெயிம் போனஸையும் இதோடு மறந்துவிடுங்கள்.

மற்றக் காரின் சொந்தக்காரர் ரோட்டோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவரிடம் ஒரு கார்டு இருக்கும், அதில் அவருடைய காரின் இலக்கமே இருக்கும். அவரை ஏளனமாகப் பார்க்கலாம்.

12. உடனே அழையுங்கள்.

அப்பாவைக் கூட்டி வருவதற்கும் முன்னால் செய்யவேண்டியது இது. வண்டியை அசைக்காமல், நின்ற இடத்திலிருந்தே கம்பனியின் ஹொட்லைனுக்கு அழைக்கவேண்டும்; தாமதித்தால் அதையே காரணம் காட்டுவார்கள். ஆறு வண்டியில் ஒழுங்கான ஃபுல் உள்ள ஒரே வண்டி இந்த ஆட்டோதான். வளைவில் சிக்னல் இல்லாவிட்டால் பங்களாப் பக்கம் ஏறினால் ஒரு கோடு வரும். ஹொட்லைன் இலக்கம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கிறது.

கார்டு மடுல்சீமையில் இருக்கிறது.